நாட்பட்ட சோர்வு நோய்க்குக் கட்டுப்படியாகும் சிகிச்சை: காணொளி ஆலோசனைச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

நாட்பட்ட சோர்வு நோய் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததிலிருந்து, கையிலிருக்கும் பணத்தை எதற்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் இருப்பது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நோயாளி என் தங்கை; மருத்துவரைத் தேடுவது, பணம் கட்டுவது, அறிக்கைகளை அடுக்கி வைப்பது ஆகியவை என் பொறுப்பு. முதலில் ஒரு தனியார் சிறப்பு மையத்தின் பரிசோதனைத் தொகுப்பு, பிறகு ஒரு பொது மருத்துவர், அதன்பின் இந்நோயில் நீண்ட அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரின் காணொளி ஆலோசனை என்று மூன்று வகைச் சேவைகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். மூன்றாவதே இங்கு மதிப்பிடப்படுவது. முதலிரண்டும் அதை எடைபோடுவதற்குரிய படிக்கற்களாக மட்டுமே வருகின்றன.

நோயின் தன்மையைச் சொல்லாமல் சேவையின் தரத்தைச் சொல்ல இயலாது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இந்நோயை அடையாளம் காண்பதற்கு வகுத்துள்ள அளவுகோல்கள் எளிமையானவை: முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்குப் புதிதாகத் தோன்றி, ஓய்வெடுத்தும் தீராமல், ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் களைப்பு; சிறு உழைப்புக்குப் பிறகும் உடல்நிலை மோசமடையும் சரிவு; தூங்கி எழுந்தாலும் புத்துணர்வு இல்லாமை; இவற்றோடு நினைவு மற்றும் சிந்தனைத் தடுமாற்றமோ, நிமிர்ந்து நிற்கும்போது உண்டாகும் தொல்லைகளோ இருக்க வேண்டும். இவற்றில் நோயின் முத்திரை என்று சொல்லத்தக்கது உழைப்புக்குப் பிந்தைய சரிவுதான். அது பெரும்பாலும் உடனே வருவதில்லை. 12 முதல் 48 மணி நேரம் கழித்து வந்து, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ படுக்கையில் தள்ளுகிறது. இந்நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆக, இந்நோயைக் கண்டறிவதற்குத் தேவையான விலையுயர்ந்த பொருள் ஒன்றே ஒன்று, அது மருத்துவரின் நேரம். நோயுள்ளவர்களில் 84 முதல் 91 விழுக்காட்டினருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்று அதே அறிக்கை மதிப்பிட்டிருப்பதற்கு, அந்த நேரம் எங்கும் கிடைக்காததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நேரத்தை விற்க முடியாத இடங்கள் பரிசோதனைகளை விற்கின்றன. நாங்கள் சென்ற சிறப்பு மையத்தில் மருத்துவர் எங்களோடு பேசிய நேரம் மிகக் குறைவு; ஆனால் வெளியே வரும்போது கையில் கொடுத்த கோப்பு ஒரு கல்யாண ஆல்பத்தின் கனம் இருந்தது. அதில் பெரும்பகுதி வைரஸ் எதிர்பொருள் பரிசோதனைகள். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான எதிர்பொருள் 'உள்ளது' என்று சிவப்பு மையில் அச்சிட்டு, அதற்கொரு மருந்துத் திட்டமும் இணைத்திருந்தார்கள். உலகில் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸ் எப்போதோ தொற்றியிருக்கும் என்பதால், நலமாக இருக்கும் எனக்கு எடுத்துப் பார்த்தாலும் அதே சிவப்பு மைதான் கிடைத்திருக்கும். அந்த வைரஸ் தரும் சுரப்பிக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இந்நோய் தொடங்குவது உண்மைதான். ஆனால் பழைய தொற்றின் தடம் ரத்தத்தில் இருப்பது இப்போதைய நோய்க்குச் சான்றாகாது.

இவ்வகை விற்பனைக்கு ஒரு முன்கதை உண்டு. எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸுக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருப்பதாக 2009இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்ததும், அந்த வைரஸுக்கான பரிசோதனைகள் விற்பனைக்கு வந்தன, நோயாளிகளும் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். வேறு ஆய்வகங்களால் அந்த முடிவை எட்ட முடியவில்லை. ஆய்வகக் கலப்படமே காரணம் என்று தெரியவந்தது. 2011இல் அந்தக் கட்டுரையையே இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. நோயாளிகள் கொடுத்த பணத்தை யாரும் திரும்பக் கொடுத்ததாகத் தெரியவில்லை. புதிதாக ஒரு விலையுயர்ந்த பரிசோதனையை யாராவது பரிந்துரைத்தால், 'இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மையத்தில் நான் கேட்டபோது, 'முழுப் படம் கிடைக்கும்' என்ற பதில்தான் கிடைத்தது.

மையத்தின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை பணத்தைப் பற்றியதன்று. தொகுப்பில் 'உடல் திறன் மீட்பு' என்றொரு பகுதி இருந்தது. ஓடுபொறியில் நடக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அன்று மாலை தங்கை நன்றாகத்தான் இருந்தாள். மறுநாள் பிற்பகலில் பல் துலக்கக் கையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை, அறையின் விளக்கு கண்ணைக் கூசியது, வாக்கியங்களைப் பாதியில் விட்டாள். மையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, பழக்கமில்லாத தசை வலி, விட்டுவிடாமல் தொடருங்கள் என்றார்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் இந்த முறை ஒரு காலத்தில் பரிந்துரைக்கப்பட்டதே. 2011இல் 'லான்செட்' இதழில் வெளியான பேஸ் ஆய்வு அதற்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆனால் 2016இல் அவ்வாய்வின் மூலத் தரவுகள் வெளியிடப்பட்டு மறுபடியும் கணக்கிடப்பட்டபோது, நோயாளிகள் மீண்டதாகச் சொல்லப்பட்ட முடிவுகள் வலுவிழந்தன. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நிர்ணயித்த அளவில் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை இந்நோய்க்குச் சிகிச்சையாக வழங்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் மனப்போக்குச் சிகிச்சையையும் (சி.பி.டி.) நோயோடு வாழ்வதற்கான துணையாகத் தரலாமே ஒழிய, குணப்படுத்தும் சிகிச்சையாகத் தரக் கூடாது என்கிறது. இந்த வழிகாட்டுதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்திராத ஒரு மையம் தன்னைச் சிறப்பு மையம் என்று அழைத்துக்கொள்வதை என்னவென்று சொல்வது?

பொது மருத்துவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவருக்கு இந்நோயைப் பற்றி அதிகம் தெரியாது. அதை அவரே சொன்னார். ஆனால் சோர்வுக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்கும் வேலையை முறையாகச் செய்தார். முழு ரத்த அணு எண்ணிக்கை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், மூன்று மாதச் சர்க்கரை அளவு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கால்சியம், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மற்றும் சி.ஆர்.பி., தசை நொதியான கிரியாட்டின் கைனேஸ், கோதுமைப் புரதத்தால் தூண்டப்பட்டு உடலின் எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்கும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றோடு வைட்டமின் டி, பி12 ஆகியவையும் அவர் எழுதியவை. ஏறக்குறைய எல்லாமே சாதாரண ஆய்வகங்களில் எடுக்கக்கூடியவை. இவற்றைத் தனித்தனியாக எடுக்காமல் ஒரே ஊசிக் குத்தலில் முடிக்கும்படி அவர் ஒரே சீட்டில் எழுதிக்கொடுத்தது, நோயாளிக்கு ஆய்வகத்துக்கு நடக்கும் நடையையும் அதன் பின்விளைவையும் மிச்சப்படுத்தியது. பண மதிப்பில் பார்த்தால், நாங்கள் செலவழித்தவற்றில் மிக உருப்படியான செலவு இதுதான்.

இனி காணொளிச் சேவை. முன்பதிவு செய்ததும் ஒரு வினாநிரல் வந்தது. அதை ஒரே மூச்சில் நிரப்ப வேண்டியதில்லை, பாதியில் சேமித்து வைத்து எப்போது வேண்டுமானாலும் தொடரலாம், வேறொருவர் நிரப்பிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று மேலேயே எழுதியிருந்தது. இதைச் சிறு விஷயம் என்று தள்ள முடியாது. திரையைப் பார்ப்பதே உழைப்பாகிவிடும் நோயாளிகளிடம் நீளமான படிவத்தைக் கொடுத்து இருபது நிமிடத்தில் காலாவதியாகும்படி வைத்திருக்கும் சேவைகளை நான் பார்த்திருக்கிறேன். கேள்விகளும் கூர்மையாக இருந்தன. 'களைப்பாக இருக்கிறதா?' என்று கேட்காமல், குளித்து முடித்த பிறகு உட்கார வேண்டியிருக்கிறதா, ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த மறுநாள் எப்படி இருக்கிறது, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று கேட்டிருந்தார்கள்.

முதல் ஆலோசனை ஒரு மணி நேரம். அதை அரை மணி நேரமாக இரண்டு நாட்களில் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. படுத்துக்கொண்டே பேசலாம், முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் பேசலாம். ஒரு நோயாளிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கும் மருத்துவரின் கட்டணம் பொது மருத்துவரின் கட்டணத்தைவிடப் பல மடங்கு என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அது சிறப்பு மையத்தின் தொகுப்பில் ஒரு சிறு பங்குதான். புதிதாக எந்த ஆய்வகப் பரிசோதனையும் எழுதாததால், அந்தக் கட்டணத்தோடு செலவு நின்றது.

அவர் செய்யச் சொன்ன ஒரே பரிசோதனை, வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டு நாங்களே செய்தது. நோயாளி சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அப்போது நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எழுந்து, குதிகால்கள் சுவரிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்க, தோள்களை மட்டும் சுவரில் சாய்த்துப் பத்து நிமிடங்கள் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் குறிக்க வேண்டும். விண்வெளி வீரர்களின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்கப் பயன்பட்ட முறையை ஒட்டியது என்பதால் இதற்கு நாசா சாய்வுப் பரிசோதனை என்று பெயர். தங்கை படுத்திருந்தபோது நாடி 72 இருந்தது. நின்ற மூன்றாவது நிமிடத்தில் 98ஐத் தொட்டது. ஏழாவது நிமிடத்தில் 110 ஆனது, பாதங்கள் ஊதா நிறத்துக்கு மாறின, கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமானது. ரத்த அழுத்தம் விழவில்லை. மருத்துவர் திரையில் இருந்தபடியே, போதும், படுக்க வையுங்கள் என்றார். நிற்கும்போது ரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாமல், வயதுவந்தவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 30 துடிப்புகளோ அதற்கு மேலோ ஏறி நிலைப்பது போட்ஸ் எனப்படும் கோளாறைக் குறிக்கிறது. இந்நோயுள்ள பலருக்கு அது உடன் இருக்கிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. சிறப்பு மையத்தின் கனமான கோப்பில் இப்படி ஒரு வரி இல்லை. (மயங்கி விழ வாய்ப்புள்ளதால் இதைத் துணையில்லாமலும் மருத்துவரின் சொல்லில்லாமலும் செய்யக் கூடாது, அடுத்த இரண்டு நாட்களை வேலையின்றி வைத்துக்கொள்ளவும் எங்களிடம் சொல்லியிருந்தார்.)

சிகிச்சைத் திட்டம் இரண்டு பகுதியாக வந்தது. முதலாவது, உழைப்பை அளந்து செலவிடும் முறை. சரிவு வந்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, சரிவு வராத அளவுக்குள் நிற்பதே இதன் நோக்கம். சமையலறையில் உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, குளிக்கும்போது உட்கார முக்காலி, தொலைபேசி உரையாடலுக்கு நேர வரம்பு, நாடித்துடிப்பு ஒரு அளவைத் தாண்டினால் அதிரும் கைப்பட்டை என்று அவர் சொன்னவை எல்லாம் கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். இதற்கா இவ்வளவு கட்டணம் என்று கூடத் தோன்றலாம். ஆனால் எந்த வேலை எந்தச் சரிவுக்குக் காரணம் என்பதை இரண்டு நாள் பின்னோக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க நோயாளிக்குத் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது. நாங்கள் அனுப்பிய நாட்குறிப்பை வைத்து அவர் அதைச் செய்தார். தலைமுடியை உலர்த்தக் கைகளைத் தூக்கி வைத்திருப்பது, வெளியே நடந்து வருவதைவிட அதிகம் பாதிக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. கைப்பட்டை விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை என்றும், நாடியைத் தொடர்ந்து காட்டினால் போதும் என்றும் அவரே சொன்னார்.

இரண்டாவது, மருந்துகள். நிற்கும்போது வரும் தொல்லைக்கு முதலில் நீரும் உப்பும், தொடை அல்லது இடுப்பு வரை வரும் அழுத்தக் காலுறையும். உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் உப்பைக் கூட்டக் கூடாது என்பதால், பொது மருத்துவர் எடுத்திருந்த அறிக்கைகளைப் பார்த்த பிறகே இதைச் சொன்னார். அது போதாவிட்டால் புரோப்ரனலால், ஃப்ளூட்ரோகார்டிசோன், மிடோட்ரின், ஐவாப்ரடீன் ஆகியவற்றில் ஒன்று. வலிக்கும் தூக்கத்துக்கும் மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். இவையெல்லாம் காப்புரிமை முடிந்து ஜெனரிக்காகத் தயாரிக்கப்படும் பழைய மருந்துகள். ஒரே நேரத்தில் ஒரு மருந்து, வழக்கமான அளவில் ஒரு பகுதி, பலனில்லையென்றால் நிறுத்திவிடுவது என்பது அவருடைய விதி. இந்நோயாளிகளுக்கு மருந்துகள் எளிதில் ஒத்துக்கொள்ளாமல் போவதால் இவ்விதி மருத்துவ நோக்கில் சரியானது. பாதி டப்பாக்கள் வீணாகாமல் இருப்பதால் பணத்துக்கும் நல்லது. அடிமைப் பழக்கத்துக்கு 50 மில்லிகிராமில் கொடுக்கப்படும் நால்ட்ரெக்சோனை 4.5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுக்கும் முறையைப் பற்றிக் கேட்டேன். ஆதாரம் இன்னும் சிறிய ஆய்வுகளிலேயே இருக்கிறது, ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்து எடுப்பவர்கள் தொடவே கூடாது, முயன்று பார்க்கலாம், உறுதி கூற மாட்டேன் என்றார். சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படும் ரிட்டுக்ஸிமாப் ஊசியைப் பற்றியும் கேட்டேன், ஏனென்றால் அதற்காகச் சொத்தை விற்கத் துணிந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நார்வேயில் 151 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் அது வெற்று ஊசியைவிட மேலானதாக இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் எதையும் விற்பதில்லை. வைட்டமின் கலவை, நரம்பு வழியே ஏற்றும் ஊட்டச்சத்து, நச்சு நீக்கப் பொடி என்று தன் மருந்தகத்தில் தானே விற்பவற்றைத் தானே பரிந்துரைக்கும் இடங்களில், ஆலோசனைக் கட்டணம் குறைவாக இருந்தாலும் முழுச் செலவு அதிகம். கட்டணப் பலகையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். போக்குவரத்து, துணைக்கு வருபவர் இழக்கும் ஊதியம், காத்திருப்பு அறையில் நிமிர்ந்து உட்கார்ந்ததற்காகப் பின்னர் படுக்கையில் கழியும் நாட்கள் ஆகியவையும் சேர்ந்ததுதான் ஒரு சந்திப்பின் விலை. அந்தக் கணக்கில் காணொளி ஆலோசனை நேரில் செல்வதைவிட மிகவும் சிக்கனமானது.

குறைகளும் உண்டு. மருத்துவர் ஒருவரே என்பதால் காத்திருப்புப் பட்டியல் நீளம். இடையில் நிலைமை மோசமானால் அவசரத்துக்குக் கேட்க ஆளில்லை. காலை நேரங்களே அதிகம் ஒதுக்கப்படுகின்றன. இந்நோயாளிகளில் பலருக்குக் காலைப் பொழுதுதான் மிக மோசமானது என்பது அவர்களுக்குத் தெரியாததா? படுக்கையிலேயே கிடக்கும் கடும் நோயாளிகளுக்கு, ரத்தம் எடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடோ, உணவு விழுங்க முடியாத நிலை வந்தால் எந்த மருத்துவமனையோடு பேசுவது என்ற திட்டமோ அவர்களிடம் இல்லை. மருந்தை நேரடியாகத் தொடர்ந்து எழுதுவதும் அவர்களால் இயலாது. தங்கள் பரிந்துரையைக் கடிதமாக எழுதி, உள்ளூர்ப் பொது மருத்துவர் வழியாகவே செயல்படுத்துகிறார்கள். எனவே ஒத்துழைக்கும் பொது மருத்துவர் இல்லாதவர்களுக்கு இச்சேவை பாதிப் பயன்தான் தரும். எங்களுடையவர் கடிதத்தைப் படித்தார், இணைத்திருந்த வழிகாட்டுதலையும் படித்தார், இரண்டு சந்தேகங்களை எழுதிக் கேட்டார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

இன்னும் யாரிடமும் உடலைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளாதவர்கள் நேராக இங்கே வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணமில்லாத எடை இழப்பு, விடாத காய்ச்சல், வீங்கிய நெறிக்கட்டிகள், ஒரு பக்கக் கைகால் பலவீனம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். திரை வழியாக வயிற்றை அமுக்கிப் பார்க்கவோ இதயத்தைக் கேட்கவோ முடியாது. பொது மருத்துவரிடம் முதற்கட்டப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, சரிவுகளின் நாட்குறிப்பு ஒன்றையும் எழுதிக்கொண்டு வருபவர்கள், கொடுக்கும் கட்டணத்துக்கு முழுப் பலனையும் பெறலாம். தொற்றுக்குப் பின், குறிப்பாகக் கோவிட் தொற்றுக்குப் பின், இதே அறிகுறிகள் நீடிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் மேலே சொன்ன குறைகளைவிடச் சான்றிதழ் விஷயம்தான். வேலையிடத்தில் நேரத்தைக் குறைத்துத் தரவும், காப்பீட்டுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கவும் மருத்துவரின் கடிதம் தேவைப்படுகிறது. 'சோர்வாக இருக்கிறார்' என்று எழுதிய கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எத்தனை மணி நேரத்துக்குப் பின் சரிவு வருகிறது, சாய்வுப் பரிசோதனையில் என்ன பதிவானது என்று எழுதினால்தான் மதிக்கிறார்கள். இவர்கள் எழுதும் கடிதம் அந்த வகையில் மிகத் தரமானது, இரண்டே பக்கத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு முழு ஆலோசனைக்குரிய கட்டணத்தைத் தனியாக வாங்குகிறார்கள், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் மறுபடி வாங்குகிறார்கள். வருமானம் குறைந்துபோனதால்தான் அந்தக் கடிதமே தேவைப்படுகிறது என்பதைச் சேவையின் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது.